வெள்ளத்தால் தள்ளிப்போன வீரவணக்கப் பேரணி: உங்கள் அனுபவம் என்ன?

பொருநைக்கரையான்:
2023 டிசம்பர் 17, ஞாயிறு. 1971 போரில் உயிர்நீத்தவர்களுக்காக நாங்கள் நடத்தும் வீரவணக்க நடைப்பயணம் பாளையங்கோட்டையில் தொடங்கி, சுலோச்சனா முதலியார் பாலத்தைக் கடந்து, நெல்லைச் சந்திப்பில் முடிய வேண்டியது. அன்றைய மழையைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. காலையிலேயே ஒத்திவைத்துவிட்டோம், அதில் எவருக்கும் மாற்றுக்கருத்து இல்லை. என்னை இன்றும் உறுத்துவது அதன்பின் நடந்தது. பேரணிக்கென்று பேசி வைத்திருந்த லோடு ஆட்டோவில் அரிசி மூட்டைகளை ஏற்றிக் கொக்கிரகுளம் பக்கம் புறப்படும்போது, தார்ப்பாய் கிடைக்காததால், வீரர்களின் பெயர்கள் அச்சிட்ட ஃபிளெக்ஸ் பதாகையை இளைஞர்கள் மூட்டைகளின் மேல் விரித்தார்கள். இழுத்துக் கட்டிய கயிறு ஒரு பெயரின் குறுக்கே விழுந்தது. அந்தப் பெயருக்குரியவரின் தம்பி, எழுபதைக் கடந்தவர், ஒன்றும் பேசாமல் முடிச்சை அவிழ்த்தார். அச்சு உள்பக்கம் வரும்படி பதாகையைத் திருப்பிப் போட்டுத் தாமே மறுபடியும் கட்டினார். கோபப்பட்டாரா, வருந்தினாரா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

வேளச்சேரிவாசி:
எங்கள் கதை 2015. கல்லூரியின் என்.சி.சி. மாணவர்கள் கொடிநாளான டிசம்பர் 7 அன்று போர் நினைவுச் சின்னம் வரை நடப்பதாக இருந்தது. செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்ட வாரத்தில் நடப்பதற்குச் சாலை ஏது? ஒத்திவைத்தது சரிதான், மாற்றிக் குறித்த தேதிதான் வேடிக்கை. ராணுவ தினம் என்பதால் ஜனவரி 15 பொருத்தமாக இருக்கும் என்றார்கள். பொங்கலை ஒருவரும் நினைக்கவில்லை. மலர்வளையத்தோடு வந்து நின்றவர்கள் பேராசிரியர் ஒருவரும், ஊருக்குப் போகாத விடுதி மாணவர்கள் சிலரும்தான்.

ஓய்வுபெற்ற ஹவில்தார்:
அதே 2023 வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன திருச்செந்தூர் ரயிலில், ஏறத்தாழ 800 பயணிகளுள் நானும் ஒருவன். ஹெலிகாப்டர் சத்தம் கேட்டதும், நான் படையில் இருந்தவன் என்று அறிந்த பக்கத்து இருக்கைக்காரர் என் கையை இறுகப் பற்றிக்கொண்டார். என் கதை அவ்வளவுதான்.

பொருநைக்கரையான் அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தேசியக் கொடியை வண்டியின் மேல் போர்த்தக் கூடாது என்று 2002ஆம் ஆண்டின் கொடி விதிகள் சொல்கின்றன. பெயர்ப் பதாகைக்கு அந்த விதி பொருந்தாது. பட்டினி கிடப்பவர்களுக்குப் போகும் அரிசியை நனையாமல் காத்ததில் எந்த வீரனுக்கும் இழுக்கு இல்லை என்பேன். ஆனால் பதாகையின் மூலையில் மூவண்ணம் அச்சாகியிருந்தால் என் பதில் வேறு.

மற்றவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். பேரணி தள்ளிப்போகலாம், நினைவு நாள் தள்ளிப்போகக் கூடாது. உரிய நாளில் நான்கு பேராவது நின்று மலர்வளையம் வைத்துவிட்டு, நடையை மட்டும் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். காவல்துறை அனுமதி குறிப்பிட்ட நாளுக்கும் பாதைக்கும் உரியது. ஆகவே ஒத்திவைத்த அன்றே நிலையத்தில் கடிதம் கொடுத்து, புதிய தேதிக்குத் தனியாக விண்ணப்பியுங்கள். வீரர்களின் குடும்பத்தாருக்கு வாட்ஸ்அப் செய்தி போதாது. தொலைபேசியில் அழைத்துச் சொல்லுங்கள், ஏனெனில் வெளியூரிலிருந்து முதல் நாளே புறப்பட்டுவிடுவோர் அவர்கள்தாம். வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் நீடிக்கும் என்று தெரிந்திருந்தும், ஆற்றுப் பாலத்தைக் கடக்கும் பாதையை மட்டுமே திட்டமிட்டு, மாற்றுப் பாதை ஒன்றுகூட வைத்துக்கொள்ளாதது ஏன் என்பது எனக்கு விளங்கவில்லை.

வேளச்சேரிவாசி:
ஐயா, உங்கள் அறிவுரையில் பாதியை ஏற்கிறேன். உரிய நாளில் நான்கு பேர் நிற்கலாம் என்கிறீர்கள். எங்கள் பகுதியில் அந்த நான்கு பேரை வீட்டு மாடியிலிருந்து இறக்கவே படகு தேவைப்பட்டது. கடிதம் கொடுக்கலாம்தான், வாங்க வேண்டிய காவலர்களும் அந்தப் படகில்தான் இருந்தார்கள்.