புதுப்பிப்பு: தர்மபுரி வீட்டு விற்பனை, சோலார், மழைநீர்த் தொட்டி

பென்னாகரம் ரோட்டு வீட்டை விற்கும்போது சோலார், மழைநீர்த் தொட்டி பற்றியெல்லாம் விளம்பரத்தில் போடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். போடச் சொன்னீர்கள், போட்டேன். இப்போது அட்வான்ஸ் வாங்கியாச்சு.

"அதெல்லாம் யாருங்க பாக்குறாங்க, வாஸ்து போடுங்க போதும்" என்றார் தரகர். ஆனால் வாங்கும் தம்பதி முதலில் கேட்டதே கரண்ட் பில்தான். 3 கிலோவாட் சோலார், நல்ல வெயிலில் நாளுக்கு 12 யூனிட் வரும் என்று வாயால் சொல்வதைவிட, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் பில்களை ஒரு வருஷத்துக்கு மொத்தமாக, நெட் மீட்டர் (நாம் எடுத்த கரண்டையும் திருப்பிக் கொடுத்த சோலார் கரண்டையும் கணக்கிடும் மீட்டர்) கணக்கோடு காட்டியதுதான் எடுபட்டது. மத்திய அரசு மானியம் 78,000 ரூபாயை நாங்கள் வாங்கிவிட்டதையும், பேனலுக்கும் இன்வெர்ட்டருக்கும் வாரண்டி காலம் வேறு வேறு என்பதையும் எழுதியே கொடுத்தேன்.

மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003-லிருந்தே கட்டாயம். அதனால் 'வசதி உண்டு' என்று போட்டால் யாரும் மதிக்க மாட்டார்கள். பல வீடுகளில் பைப் மட்டும்தான் இருக்கும், நமக்கே தெரியுமே! எங்களுடையது வடிகட்டியோடு குடிப்பதற்கென்றே கட்டிய தொட்டி. போர் தண்ணீரில், பல்லையும் எலும்பையும் பாதிக்கும் ஃப்ளோரைடு, குடிநீருக்கான உச்ச வரம்பான லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டுவதைக் காட்டும் ஆய்வு அறிக்கையையும் கூடவே வைத்தேன். விலை குறையும் என்று வீட்டில் பயந்தார்கள். நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இது புதுசா என்ன? ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்குத்தானே. அறிக்கையைப் பார்த்த பிறகுதான் தொட்டியின் அருமை வாங்குபவர்களுக்குப் புரிந்தது.

பேனலும் இன்வெர்ட்டரும் வீட்டோடு சேர்த்தி என்று அக்ரிமெண்டில் தனி வரியாக எழுதியாயிற்று. மின் இணைப்புப் பெயர் மாற்றம் பத்திரப் பதிவுக்கு அப்புறம்தான்.