அடைப்புக்குறியை விரிக்கும்போது தவறிய இடம்: உங்கள் அனுபவம் என்ன?

ஈரோட்டிலிருந்து:
ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் அண்ணன் மகள் சென்ற ஞாயிற்றுக்கிழமை செய்த கணக்கு இன்னும் மனத்தை விட்டு அகலவில்லை. (எக்ஸ் என்பதற்கு இங்கே ம என்று இடுகிறேன்.) 3(2ம − 5) − 2(ம − 4) என்பதை 6ம − 15 − 2ம − 8 என விரித்து, 4ம − 23 என்று முடித்திருந்தாள். முன்னால் நிற்கும் −2, உள்ளே இருக்கும் −4ஐயும் பெருக்கி +8 ஆக்க வேண்டும். விடை 4ம − 7. சொன்னதும் அந்த ஒரு குறியை மட்டும் அழித்தாள். அழித்த வேகத்தில் தாள் கிழிந்து, குறி இருந்த ஓட்டை வழியே அடுத்த பக்கத்துக் கணக்கு தெரிந்தது. “போன வாரமும் இதே இடந்தானுங்க சித்தப்பா” என்றாள். ம = 1 என இட்டுச் சரிபார்க்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

பொள்ளாச்சியிலிருந்து:
எனக்கு நேர்ந்தது (ம + 4)². ம² + 16 என்று எழுதிவிட்டு அதையே நம்பியிருந்தேன். அப்புச்சி தோப்பில் 20 அடிச் சதுர நாற்றங்காலைக் கிழக்கே 4 அடியும் தெற்கே 4 அடியும் நீட்டிக் கயிறு கட்டினார். பழைய பாத்தி 400 சதுர அடி, புது மூலை 16. மொத்தமோ 24 அடிச் சதுரம், அதாவது 576. மீதி 160 எங்கே என்று தேடியபோது, 80 சதுர அடிப் பட்டை ஒன்றின்மேல்தான் நான் நின்றுகொண்டிருந்தேன். இன்னொன்று எதிரே கிடந்தது. ம என்பது 20 என்றால், நான் விட்ட 8ம அதுதான்.

சென்னிமலையிலிருந்து:
ஈரோட்டு நண்பர் 1ஐத் தேர்ந்ததை என்னால் ஏற்க இயலவில்லை. என் மகன் 4ம² + 2மவை 6ம³ என்று கூட்டினான். 1ஐ இட்டுப் பார்த்தான், இரு பக்கமும் 6 வந்தது, தேர்விலும் அப்படியே எழுதிவிட்டு வந்தான். 1இன் எந்த அடுக்கும் 1தான் என்பதால் ம², ம³ என்ற படிகளின் வேறுபாடு அதில் மறைந்துவிடும். 0வும் உதவாது, மேலே உள்ள ம² + 16ஐக்கூட அது சரியென்றே காட்டும். 2ஐ இட்டிருந்தால் 20, 48 என்று பிரிந்து நின்றிருக்கும். பொள்ளாச்சிக்காரரின் பாத்தி கூட்டலுக்குப் பொருந்தும். ஆனால் (ம − 4)²இல் இரண்டு பட்டைகளையும் கழிக்கும்போது மூலை இருமுறை கழிந்துவிடுவதால், 16ஐத் திரும்பக் கூட்ட வேண்டும் என்பதையும் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். இயற்கணிதக் கோவைகளைக் கூட்டும்போது படிவரிசையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதச் சொல்லுங்கள்: 3ம² − 5ம + 2, அதன் கீழே ம² + 7ம − 9, கூட்டினால் 4ம² + 2ம − 7. ஏதேனும் ஒரு படி இல்லையென்றால் அங்கே 0 இட வேண்டும். தறியின் பாவில் ஓர் இழை அறுந்தால் பக்கத்து இழையை அந்த இடத்துக்கு இழுப்போமா? குழந்தையிடம் அழிக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். தவறிய குறியின்மேல் ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதினால், அடுத்த வாரம் அதே இடத்துக்கு வரும்போது அது கண்ணில் படும்.