ஆர்சி 390: ரோட்டுக்கும் டிராக்குக்கும் ஒரே டயர்?

தினமும் ஆபீஸுக்கும் கேடிஎம் ஆர்சி 390 பைக்தான். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் சொந்த வண்டியை ஓட்டும் டிராக் டேக்கும் அதையே எடுத்துப் போகிறேன். பின் டயர் நடுவில் தட்டையாகிவிட்டது. நன்றாக ஒட்டும் சாஃப்ட் டயர் எது வாங்கலாம், அண்ணா?

பதில் 1:
தம்பி, ரேஸ் கலவை (ரேஸுக்கான ரப்பர்) டயர் வேண்டாம். சூடானால்தான் பிடிக்கும், ஆபீஸ் போகும் வேகத்தில் அந்தச் சூடே ஏறாது. ஐப்பசி மழையில் ஆபத்து. ரோட்டு ஸ்போர்ட் டயரே போதும். நடுவில் கடினமாகவும் ஓரத்தில் மென்மையாகவும் இரட்டைக் கலவையில் கிடைத்தால் உனக்கு அதுதான் சரி. அளவை மாற்றாதே: முன் 110/70, பின் 150/60 (முதல் எண் மி.மீ.யில் அகலம்). அகலம் கூட்டினால் வளைவில் சாய்வது மந்தமாகும்.

காற்றைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். டிராக்கில் சூடேறினால் அழுத்தமும் ஏறும். பிட்டுக்கு (டிராக் ஓரம் வண்டியை நிறுத்தும் இடம்) வந்ததும் பிரஷர் கேஜ் வைத்துப் பார்த்துக் காற்றை இறக்கு. வீட்டுக்குக் கிளம்பும் முன் பழைய அளவுக்கு நிரப்பிவிடு, கட்டாயம்.

பதில் 2:
டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் பாருங்கள். 2324 என்றால் 2024இல் 23வது வாரம் செய்தது. கடையில் பழைய ஸ்டாக் தந்தால் வாங்காதீர்கள், ரப்பர் இறுகியிருக்கும்.

கேட்டவர்:
சரி அண்ணா, முன்பின் இரண்டும் சேர்த்தே மாற்றுகிறேன்.