ஊராட்சித் தலைவர் பதவிய ஏலம் விடப் போறாய்ங்க, கோயிலுக்குத்தானேன்னு விட்டுரலாமா?

மேலூர்ப்பக்கம்:
எங்க ஊரு மேலூருக்குப் பக்கம். பஞ்சாயத்து எலெக்சன் பேச்சு வந்ததுமே மந்தையில கூடி தலைவர் பதவிய ஏலம் விடலாம்னு பேசுறாய்ங்க. யாரு கூடுதலா கேக்குறாரோ அவரு மட்டும் மனு போடணுமாம், மத்தவங்க போடக்கூடாதாம், அந்தக் காசுல அம்மன் கோயில் கும்பாபிஷேகம் நடத்திரலாமாம். எங்க சித்தப்பாவே "வீடு வீடா காசு குடுக்குறதுக்கு இது மேலுடா, பொதுக்காரியத்துக்குத்தான போகுது, சண்டை சச்சரவும் இல்ல"ங்கறாரு. எனக்கு மனசு ஒப்பவே இல்ல. என்ன பதில் சொல்றது?

வைகைக்கரை:
தம்பி, தலைவருக்கு மாசம் வர்ற மதிப்பூதியம் சொற்பம். அதுக்கு லட்சக்கணக்குல கொட்டுறவரு எதுல எடுப்பாருன்னு சித்தப்பாகிட்ட கேளுங்க. போர் மோட்டார் ரிப்பேருன்னு பில்லு வரும், மோட்டார் அப்படியே கெடக்கும், தெருவிளக்கு மாத்துனதா கணக்கு இருக்கும், நூறுநாள் வேலைக்கு வராத ஆளுக்கு வந்ததா போடுவாய்ங்க. செக்குல தலைவர், துணைத்தலைவர் ரெண்டு பேரு கையெழுத்தும் வேணும்னு வச்சதே ஒருத்தர ஒருத்தர் கேள்வி கேக்கத்தான், ஏலம் எடுத்தவரு துணைத்தலைவரையும் தன் ஆளாத்தான் கொண்டு வருவாரு. கோயிலுக்குக் குடுத்தது ஒரு தடவ, ஊருகிட்ட எடுக்கறது அஞ்சு வருசம்.

திருமங்கலத்துக்காரன்:
ஓட்டுக்குக் காசு குடுக்கறத நான் ஒருநாளும் நியாயப்படுத்த மாட்டேன். 2009 இடைத்தேர்தலுக்கு அப்புறம் ஓட்டுக்குக் காசு குடுக்கறதுக்கு எங்க ஊரு பேர வச்சே திருமங்கலம் ஃபார்முலான்னு நாடு பூராம் பேசுனாய்ங்க, வெளியூரு போனா இன்னும் கேக்குறாய்ங்க, அம்புட்டு வேதனையா இருக்கு. 2017ல ஆர்.கே.நகர், 2019ல வேலூர்னு எலெக்சனையே ரத்து பண்ற அளவுக்குப் போச்சு. ஆனாலும் காசு வாங்குனவன் பூத்துக்குள்ள போயி மனசுக்குப் பிடிச்சவருக்குக் குத்தலாம்ல? ஏலத்துல அந்த ஓட்டே கெடையாது. மந்தையில பொம்பளைங்க, காலனி ஆளுக பேச்சு எடுபடுமா? உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டியில தலைவர் பதவி பட்டியல் சாதிக்காரங்களுக்கான தனித்தொகுதி ஆனதுக்கு ஊர்க்கட்டுப்பாடு போட்டு 2006 வரைக்கும் எலெக்சன ஒழுங்கா நடக்க விடலயே, அதுவும் ஊர் கூடி எடுத்த முடிவுதான்.

மேலூர்ப்பக்கம்:
அண்ணே, இத அப்படியே சித்தப்பாகிட்ட படிச்சுக் காட்டுறேன். எங்க மேலூர்ப் பக்கத்துத் தும்பைப்பட்டியில பெறந்த கக்கன் பத்து வருசம் மந்திரியா இருந்துட்டு, கடைசிக் காலத்துல மதுரை பெரியாஸ்பத்திரியில சாதாரண வார்டுலதான் கெடந்தாரு. அந்த மனுசன் பெறந்த மண்ணுல பதவிய விலை பேசுறாய்ங்கன்னா வயிறு எரியுது. இத தடுக்க என்ன செய்யலாம்?

வைகைக்கரை:
ரெண்டு மூணு பேரு சேந்து தைரியமா மனு போடுங்க, போட்டின்னு வந்துட்டா ஏலம் பலிக்காது. மிரட்டுனா கலெக்டருக்கு எழுத்துல புகார் குடுங்க, மாவட்டத் தேர்தல் அலுவலர் அவர்தான். தனி ஆளா போகாதீங்க. யாரு ஜெயிச்சாலும் கிராமசபைக்கு ஆளக் கூட்டிட்டுப் போயி வரவு செலவ வாசிக்கச் சொல்லிக் கேளுங்க, மோட்டார் ரிப்பேருன்னு வாசிச்சா எந்தத் தெரு மோட்டார்னு அங்கயே கேட்டுருங்க.