மால், உமி, மாலுமி: குறுக்கெழுத்துப் புதிரில் மறக்காத கடல் குறிப்புகள்

கட்டம்நிரப்பி:
"பெருமாளோடு நெல்லின் தோல் சேர, கப்பலோட்டி (3)". அடைப்புக்குள் இருப்பது விடையின் எழுத்து எண்ணிக்கை. இந்தக் குறிப்பு இரண்டு வாரமாகியும் மனசை விட்டுப் போகவில்லை. கப்பலோட்டி என்றதும் வ.உ.சி.தான், மூன்று கட்டத்தில் மூன்று எழுத்தும் சரியாக உட்கார்ந்ததால் பேனாவாலேயே எழுதிவிட்டேன், பெருமாள் எங்கே போனார் என்று யோசிக்கவே இல்லை. பக்கத்தில் அம்மா முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தார். "தள்ளி உட்காருடா, கண்ணுல உமி விழும்" என்றார். பெருமாள்தான் மால்; மால், உமி, மாலுமி! உடம்பு சிலிர்த்துவிட்டது.

நேர்கோடு:
அது சரியான குறிப்பு இல்லை. ல்லும் உவும் சேர்ந்து லு ஆகிவிடுகிறது, புதிதாக வருகிறவர் எப்படிப் பிடிப்பார்? எனக்கு மறக்காதது "மன்மதனுக்கு முன் மேலே நிற்கும் கப்பல் தலைவன் (4)". மீ என்றால் மேல், அப்புறம் காமன். மீகாமன். ஓர் எழுத்துகூட உருமாறவில்லை, பாருங்கள்.

ரயில்வாசகி:
எனக்கு நடந்தது ஆங்கிலப் புதிரில். தாம்பரம் மின்சார ரயில், கையில் இந்து நாளிதழ், குறிப்பில் 'செய்லர்' என்று வந்ததும் முழித்துக்கொண்டிருந்தேன். எதிர் சீட்டுப் பெரியவர் தாளைத் தலைகீழாகவே படித்து, "டார் போடும்மா, இல்லைன்னா ஏபி" என்று சொல்லிவிட்டுக் கிண்டியில் இறங்கிப் போய்விட்டார். நன்றி சொல்லக்கூட நேரமில்லை. செய்லர், டார், ஏபி, ஜாக், சால்ட் எல்லாமே மாலுமிதான், மெயின் என்றால் கடல் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அந்த டார், டார்பாலினிலிருந்து வந்தது என்கிறார்கள், நம்ம தார்ப்பாய்தான்.

நிகண்டுப்பித்தன்:
நேர்கோடு, புணர்ச்சி கூடாது என்றால் தமிழில் எதற்குப் புதிர்? உயிர்மெய்யைப் பிரித்துப் பார்ப்பதுதான் இங்கே ஆட்டமே. என்னைக் கவிழ்த்தது "அலையடிக்கும் உத்தியோகம் (2)". வேலை, அதற்குக் கடல் என்றும் பொருள். மூன்று நாள் போனது. எல்லாருக்கும் சொல்கிறேன், கடலுக்கு உள்ள பெயர்களை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஆழி மோதிரமும் ஆகும் சக்கரமும் ஆகும், வாரி என்றால் அள்ளி என்றும் படிக்கலாம், பரவை சுந்தரரின் மனைவி பெயர், திரை என்றால் சினிமாவுக்குப் போகாதீர்கள், அது அலை, வங்கம் என்றால் கொல்கத்தாவுக்குப் போகாதீர்கள், அது கப்பல். கலம் கப்பலும்தான், பன்னிரண்டு மரக்கால் நெல்லும்தான். சின்ன 'ர'வா பெரிய 'ற'வா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், பரவையைப் பறவையாக்கி ஒரு கட்டம் முழுக்கக் கெடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தோணிவீடு:
தூத்துக்குடி. அப்பா தோணியில் கொழும்புக்குப் போய்வந்தவர், பள்ளிக்கூடம் அதிகம் போகவில்லை. "படுக்கலாம், குதிக்கலாம், காற்றில் கடலும் தாண்டலாம் (2)" என்று நான் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன். படுக்கலாம், குதிக்கலாம் வரை யோசனையே இல்லாமல் கேட்டவர், கடல் என்றதும் திரும்பி, "பாய்தானடா, வேற என்ன" என்றார். நான் இன்னும் கட்டத்தை எண்ணிக்கொண்டிருந்தேன்.