தானே புயல் குறும்படம்: டி.வி. படம் கட்டம் கட்டமாக உடைய வேண்டும், எப்படி?

கெடிலக்கரை:
வணக்கம். தானே புயலை வைத்து ஒரு குறும்படம் எடுத்திருக்கிறோம். 2011 டிசம்பர் 29 இரவு, கடலூர் தேவனாம்பட்டினத்தில் ஒரு வீடு. வெளியே காற்று ஏறிக்கொண்டே போகிறது, பாட்டி டி.வி. செய்தியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. செய்தி வாசிப்பவரின் முகம் உடைந்து, உறைந்து, பிறகு மின்சாரமே போய்விட வேண்டும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற வீடியோ எஃபெக்ட் மென்பொருள் வைத்திருக்கிறேன். இணையத்தில் கிடைக்கிற கிளிட்ச் (படம் உடைவது போலக் காட்டும்) டெம்ப்ளேட்டைப் போட்டால் சிவப்பும் நீலமுமாக மின்னி, ஏதோ செல்போன் விளம்பரம் போல இருக்கிறது.

முத்தியால்பேட்டையான்:
கோடு கோடாக ஓடும் பழைய வீடியோ கேசட் ஓவர்லே ஒன்றைச் செய்திக்கு மேல் ஸ்கிரீன் மோடில் (கறுப்பு மறைந்து வெளிச்சம் மட்டும் தெரியும் கலவை முறை) வையுங்கள். வேலை முடிந்தது.

உப்பளம் எடிட்டர்:
முடியவில்லை! வீட்டில் இருப்பது கேசட்டா, டிஷ்ஷா? டிஷ் என்றால் கோடும் வராது, புள்ளியும் வராது. கனமழையில் சிக்னல் மெலிந்தால் தரவுதான் தொலையும். முழுப் படமும் இடையிடையே வரும் ஐ-ஃப்ரேம் என்ற சட்டகத்தில் மட்டுமே வருகிறது. இடையில் வருபவை பெரும்பாலும் 'இந்தக் கட்டம் இங்கே நகர்ந்தது' என்ற குறிப்புகள். குறிப்பு கெட்டால் வாய் கன்னத்தில் இழுபடும், அடுத்த ஐ-ஃப்ரேம் வந்ததும் சட்டென்று தெளிந்துவிடும். டெம்ப்ளேட்டில் இல்லாதது இந்தத் தெளிவுதான்.

செய்திக் காட்சியை முதலில் 720-க்கு 576 பிக்சலாகச் சுருக்குங்கள். தனி காம்பில் (காம்போசிஷன், ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் லேயர்களை அடுக்கும் இடம்) ஃப்ராக்டல் நாய்ஸ் (கறுப்பு வெள்ளைத் திட்டுகளை உருவாக்கும் எஃபெக்ட்), வகை 'பிளாக்'. திட்டுகளை மாற்றும் எவல்யூஷனுக்கு ஹோல்ட் கீஃப்ரேம் (மதிப்பு சட்டென்று தாவும் வகை) மட்டும். வழுக்கிக்கொண்டு நகர்ந்தால் தண்ணீர் போலாகிவிடும். அந்தக் காம்பைச் செய்தியின் டிஸ்பிளேஸ்மென்ட் மேப்புக்குக் (இன்னொரு படத்தின் வெளிச்சத்துக்கு ஏற்பப் பிக்சல்களைத் தள்ளும் எஃபெக்ட்) கொடுங்கள். நடுச் சாம்பல் அசையாது. வெள்ளை ஒரு பக்கமும் கறுப்பு எதிர்ப்பக்கமும் தள்ளும். ஆகவே பெரும்பகுதி சாம்பலாகவே இருக்கட்டும். எல்லாவற்றையும் முடித்த பிறகே டி.வி. திரைக்குள் பொருத்துங்கள்.

பொறுமை இருந்தால் நிஜமாகவே உடைக்கலாம். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச வீடியோ கருவியில் 'நாய்ஸ்' என்று ஒரு பிட்ஸ்ட்ரீம் ஃபில்டர் (சுருக்கிய தரவையே நேரடியாகத் தொடும் வடிகட்டி) உண்டு. ஃபைலின் உள்ளே அங்கங்கே பைட்டுகளைக் கெடுத்துவிடும். விநாடிக்கு ஒரு ஐ-ஃப்ரேம் வைத்து என்கோட் செய்த பிரதியை அதில் ஓட்டுங்கள். வருவதை நேராக டைம்லைனில் போடாதீர்கள், மென்பொருள் திணறும். ஒருமுறை புரோரெஸ்ஸாக (எடிட்டிங்குக்கு ஏற்ற வீடியோ வடிவம்) மாற்றிக்கொள்ளுங்கள். எது எங்கே உடையும் என்று சொல்ல முடியாது. பத்துப் பிரதி எடுத்து நல்லதைப் பொறுக்க வேண்டியதுதான். எனக்குப் பிடித்தது இந்த வழிதான்.

ஒலியில் 'உஸ்ஸ்' சேர்த்துவிடாதீர்கள். டிஜிட்டலில் குரல் பாதிச் சொல்லில் அறுந்து மௌனமாகும்.

கெடிலக்கரை:
ஒலியைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை, நன்றி ஐயா. இன்னொன்று: பாட்டி டி.வி.யைத் தட்டுவதாக ஒரு ஷாட் இருக்கிறது. தட்டியதும் படம் தெளிந்தால் பொய்யாகத் தெரியுமா?

உப்பளம் எடிட்டர்:
தட்டட்டும் தம்பி, நன்றாக இருக்கும். தட்டி அரை விநாடி கழித்துத் தெளிய வையுங்கள். ஐ-ஃப்ரேமால் தெளிந்தது என்று நமக்குத் தெரியும். பாட்டி தன் கையால்தான் என்று நம்பிக்கொள்வார். மறுபடி உடையும்போது இன்னும் பலமாகத் தட்டுவார்.