வீட்டில் மரம் விழுந்தவர்கள் சொல்லுங்கள், அடுத்து என்ன செய்தீர்கள்?

ஆதம்பாக்கத்துக்காரன்:

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் தெருவில் எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டுதான் நடப்போம். வர்தா புயல் கொடுத்த பழக்கம் அது. 2016 டிசம்பர் 12, திங்கட்கிழமை. பக்கத்து வீட்டு மயில்கொன்றை வேரோடு சாய்ந்து எங்கள் மதில்மேல் விழுந்தது. மதில் போயிற்று, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு பாகம் போயிற்று, சின்டெக்ஸ் தொட்டி தெருவில் கிடந்தது. ஆட்களுக்கு ஒன்றும் இல்லை.

நடுவில் காற்று சட்டென்று நின்றது. புயலின் கண் ஊரைக் கடந்துகொண்டிருந்த நேரம். எல்லாம் முடிந்துவிட்டது என்று அரிவாளோடு வெளியே வந்தவர்களை அப்பா சத்தம்போட்டு உள்ளே அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து காற்று மறுபடி ஆரம்பித்தது. முதல் வீச்சில் பாதி சாய்ந்து நின்ற மரங்கள் அப்போதுதான் விழுந்தன.

கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் ஒயர் கிளைகளுக்குள் சிக்கித் தரையில் கிடந்தது. தெருவிலேயே கரன்ட் இல்லை, பயப்பட வேண்டாம் என்றார்கள் சிலர். எப்போது திரும்ப வரும் என்று யாருக்குத் தெரியும்? அது மட்டுமில்லை, எங்கேயாவது ஒரு வீட்டில் ஜெனரேட்டரைத் தப்பாக இணைத்திருந்தால் அணைந்து கிடக்கிற லைனிலும் மின்சாரம் ஏறும். மீட்டர் பெட்டி இலைக்குள் புதைந்து கிடந்ததால் மெயினை அணைக்கவும் வழியில்லை. லைன்மேன் வந்து கம்பத்தில் இணைப்பைக் கழற்றும்வரை மரத்தை யாரும் தொடவில்லை. சுவரெல்லாம் ஊறியிருந்ததால் இன்வெர்ட்டரையும் அணைத்து வைத்தோம். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அப்புறம் வெட்டுகிற ஆள். பழைய நோட்டு செல்லாது என்று அறிவித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஏடிஎம்மில் பணம் கிடையாது, கிடைத்தாலும் இரண்டாயிரம் ரூபாய்த் தாள். அவர்களுக்கோ கையில் ரொக்கம் வேண்டும். மரத்துக்குச் சொந்தக்காரரான பக்கத்து வீட்டு அண்ணன் சம்மதத்தோடு, கூலியில் பாதிக்கு விறகையே எடுத்துக்கொள்ளச் சொன்னோம். கூலி பேசும்போது ஒன்றைத் தெளிவாகக் கேட்டுவிடுங்கள்: வெட்டுவதற்கு மட்டுமா, ஏற்றிக்கொண்டு போவதற்கும் சேர்த்தா? எதிர்வீட்டில் வெட்டிப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள், பொங்கல் வரை வாசலில் குப்பை கிடந்தது.

வந்தவர்களில் மூத்தவர் எடுத்த எடுப்பில் ரம்பத்தைத் தொடவில்லை. மரத்தைச் சுற்றி வந்து, எந்தக் கிளை தரையில் ஊன்றியிருக்கிறது, எது விறைத்து வளைந்திருக்கிறது என்று தட்டித் தட்டிப் பார்த்தார். வளைந்த கிளையை ஒரே அறுப்பாக அறுத்தால் ஆளை வீசி அடித்துவிடும் என்று, உள்வளைவில் சின்னச் சின்னதாக வெட்டுக் கொடுத்து இறுக்கத்தைத் தளர்த்தினார். நடுமரத்தை அறுக்கும் முன்னால் வேர்க்குழிக்குள் விளையாடிக்கொண்டிருந்த பையன்களை விரட்டினார். அறுபட்டு முடிந்ததும், வேர்மண்ணோடு சாய்ந்து கிடந்த அடிமரம் சடாரென்று நிமிர்ந்து அந்தக் குழிக்குள்ளேயே உட்கார்ந்தது. பையன்களில் ஒருவனாவது அங்கே நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. தெரிந்த பையன் மெஷின் ரம்பம் வைத்திருக்கிறான் என்று கூப்பிடாதீர்கள்.

பேராவூரணித் தோப்பு:

எங்கள் பக்கம் கஜா புயல். 2018 நவம்பர் 16, விடியும் முன்னே தோப்பு படுத்துவிட்டது. ஓட்டு வீட்டு முகட்டில் ஒரு தென்னை கிடந்தது.

கயிறு கட்டி இழுத்துத் தள்ளிவிடலாம் என்றார்கள். இழுத்தால் மிச்ச ஓடும் கைமரமும் சேர்ந்து வந்துவிடும். உள்ளேயிருந்து விட்டத்துக்குச் சவுக்குக் கம்பால் முட்டுக் கொடுத்தோம். கொண்டைப் பக்கத்திலிருந்து துண்டு போட்டு, ஒவ்வொன்றாகக் கயிற்றில் இறக்கினோம். அன்றைக்கே தார்ப்பாய் போட்டாகிவிட்டது. கார்த்திகை மழை நமக்காகக் காத்திருக்குமா?

அரசு தென்னை ஒன்றுக்கு 1,100 ரூபாய் அறிவித்தது. இழப்புக்கு 600, வெட்டி அகற்ற 500. பிள்ளையைப் போல வளர்த்தவனுக்கு அது என்ன கணக்கு என்று வயிறெரிந்ததைப் பேச ஆரம்பித்தால் முடியாது. நான் சொல்ல வந்தது, கணக்கெடுக்க ஆள் வருவதற்கு முன்னால் ஒவ்வொரு அடிமரத்திலும் சுண்ணாம்பால் எண் போட்டு, வீடோ கிணறோ பின்னால் தெரியும்படி படம் எடுத்துவிட்டோம். அவசரப்பட்டுப் புல்டோசர் விட்டுச் சுத்தம் செய்த பங்காளி வீட்டில், இருந்தது எத்தனை மரம் என்று பெரிய வாக்குவாதம்.

அதற்காக மாதக்கணக்கில் போட்டு வைக்கவும் கூடாது. மக்குகிற தென்னைத் தடியில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடும். அது வளர்ந்து போய் நிற்கிற கன்றின் குருத்தைக் குடையும். புயலில் தப்பித்ததை வண்டு தின்ற தோப்புகள் எங்கள் ஊரில் உண்டு.

சர்வேயர் (ஓய்வு):

காப்பீட்டுச் சேதம் பார்க்கப் போவதுதான் எனக்குத் தொழிலாக இருந்தது. ஒரு வீட்டுக்குப் போனேன். பளிச்சென்று இருந்தது. மரம் இல்லை, இடிந்த சுவர் இல்லை, ஒரு செங்கல்கூட இல்லை. புதிதாகக் கட்டிய மதிலையும் நல்ல காபியையும்தான் காட்டினார்கள். எதை வைத்து நான் அறிக்கை எழுதுவது? மரம் கிடக்கும்போதே நாலு பக்கமிருந்தும் படம், ஒரு வீடியோ, வீசிவிடாமல் எடுத்து வைத்த உடைந்த ஓட்டில் சில, உடைந்த தொட்டி. இவ்வளவும் இருந்தால் போதும். மழை உள்ளே இறங்காமல் தார்ப்பாய் போடுவதை எந்த நிறுவனமும் குற்றம் சொல்லாது, சேதம் பெருகாமல் பார்த்துக்கொள்வது உங்கள் கடமையும்கூட. ஆனால் நிரந்தரப் பழுதுக்கு முன்னால் நிறுவனத்துக்குத் தகவல் போயிருக்க வேண்டும். தார்ப்பாய்க்கும் கூலிக்கும் ரசீது வாங்கி வையுங்கள். துண்டுச் சீட்டில் எழுதி வாங்கினாலும் சரிதான்.

2021 ஏப்ரலிலிருந்து எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் பாரத் கிருஹ ரக்ஷா என்ற ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசியைத் தருகின்றன. அதில் புயலும் உண்டு, மரம் விழுந்து மோதுவதும் பெயர் சொல்லியே உண்டு. இடிபாட்டை அகற்றும் செலவுக்கு இழப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம் வரை கிடைக்கும். மரமோ வீட்டின்மேல் படாமல் தோட்டத்தில் சும்மா விழுந்து கிடக்கிறது என்றால் அதை வெட்டுகிற கூலி பெரும்பாலும் உங்கள் பைதான்.

வீட்டுக் கடன் வாங்கியவர்கள் அந்தக் கோப்பை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். கடனோடு சேர்த்தே வங்கி ஒரு பாலிசி எடுத்திருக்கும், உங்களுக்கே தெரிந்திருக்காது. வாசலில் நிறுத்திய காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் ஒரு பைசா வராது. சொந்தச் சேதத்துக்கும் சேர்த்து எடுத்தது என்றால் வரும்.

பாளையங்கோட்டை அக்கா:

பக்கத்து வீட்டு மரம் நம் வீட்டில் விழுந்தால் அவர்கள்தான் பணம் தர வேண்டும் என்று பலர் சண்டைக்குப் போகிறார்கள். நல்ல மரம் பெரும்புயலில் விழுந்தால் அது இயற்கையின் செயல், யாரையும் பிடிக்க முடியாது. பட்டுப்போன மரம், முன்பே சொல்லியும் கண்டுகொள்ளவில்லை என்றால் கதை வேறு. டெல்லியில் சாலையோர மரத்தின் கிளை முறிந்து விழுந்து ஸ்கூட்டரில் போனவர் இறந்த வழக்கில், மாநகராட்சியின் கவனக்குறைவுதான் என்று 1999-இல் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை உறுதிசெய்தது.

அதனால் சொன்னதற்குச் சாட்சி வேண்டும். எங்கள் அம்மா வீட்டுக்குப் பின்னால் பின்வீட்டு மாமியின் புளியமரம் ஒன்று, அடியில் பொந்து விழுந்து எங்கள் பக்கமாகச் சாய்ந்து நின்றது. வாயால் சொல்லிச் சொல்லி அலுத்து, படத்தோடு ஒப்புகைச் சீட்டு வைத்துக் கடிதம் அனுப்பினோம். அதற்கும் பதில் இல்லை என்றதும் கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனு. விழுந்து ஆளுக்கு ஆபத்து வரும் நிலையில் உள்ள மரத்தை அகற்றவோ முட்டுக் கொடுக்கவோ உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) சட்டத்தின் 152-ஆம் பிரிவு. நோட்டீஸ் போன வாரமே வெட்டினார்கள். அந்த மாமி இன்னும் எங்களோடு பேசுவதில்லை, போகட்டும்.

மார்த்தாண்டம் தடி:

ஓக்கிப் புயலில் (2017 நவம்பர் 30) எங்கள் புரையிடத்தில், அதாவது வீட்டுத் தோட்டத்தில், ரப்பர் மரங்களும் ஒரு அயினிப்பலா மரமும் விழுந்தன. தடி வியாபாரி மறுநாளே வந்து நின்றார். ஊரே விற்கும்போது விலை எங்கே நிற்கும்? ரப்பர் தடியை மட்டும் உடனே கொடுத்தோம், அது கிடந்தால் சில நாளிலேயே நீலம் பாய்ந்து ஒன்றுக்கும் உதவாது. அயினி அப்படி இல்லை. கல்லடுக்கி, தரையில் படாமல், நிழலில் போட்டுவைத்தோம். பிறகு அறுத்து வாசல் நிலையும் கதவும் செய்தாயிற்று. விழுந்தது சந்தனமாக இருந்தால் வனத்துறைக்குச் சொல்லாமல் கை வைக்காதீர்கள், உங்கள் தோட்டத்தில் நின்றதாகவே இருந்தாலும்.

புதுவீடு:

தெருமரம் எங்கள் கேட்டில் விழுந்தால் நாங்களே வெட்டலாமா? சமையலறைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை வேறு.

ஆதம்பாக்கத்துக்காரன்:

தெருமரம் உங்களுடையது இல்லை, விறகும் உங்களுடையது இல்லை. சென்னை என்றால் மாநகராட்சியின் 1913-க்குச் சொல்லிப் புகார் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். ஒயர் அறுந்திருந்தால் முதலில் மின்வாரியப் புகார் மையமான மின்னகம், 94987 94987. ஆள் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தால் எதையும் யோசிக்காமல் 101 அல்லது 112.

ஆஸ்பெஸ்டாஸ் நொறுங்கியிருந்தால் காய்ந்தபடி துடைப்பத்தால் கூட்டாதீர்கள், அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது. தண்ணீர் தெளித்து நனைத்து, மூக்கை மூடிக்கொண்டு, துண்டுகளைக் கெட்டியான பையில் போட்டுக் கட்டுங்கள். மிச்சக் கூரைமேல் ஆளை ஏற்ற வேண்டாம். அந்த ஷீட் மனித எடையைத் தாங்காது, ஓரத்தில் ஏணி வைத்தே எடுக்கச் சொல்லுங்கள்.